எலும்பு பிடிக்கும் சொரசொரப்பு

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வலி குறைந்துவிட்டது, ஊன்றுகோலை விட்டுவிடலாமா?" விடை, உள்ளே பொருத்திய உலோகத்தின் மேற்பரப்பில் இருக்கிறது.

திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையிலோ, எண்ணூர் அசோக் லேலண்டிலோ பணியாற்றியவர் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். என்ஜின் சிலிண்டரின் உட்சுவரை முழு வழவழப்பாக விடுவதில்லை. ஹோனிங் என்னும் முறையில் ஒன்றையொன்று வெட்டும் நுண்கோடுகளை அதில் இழைப்பார்கள். அக்கோடுகளில்தான் எண்ணெய் தங்கும். தங்காவிட்டால் பிஸ்டன் வளையம் விரைவில் தேய்ந்துபோகும்.

செயற்கை மூட்டிலும் மேற்பரப்பே வேலை செய்கிறது. உருளும் பந்து கண்ணாடிபோல் மெருகேற்றப்படுகிறது. உராய்வு குறைய அது வேண்டும். சிமெண்ட் இன்றிப் பொருத்தும் வகையில், தொடை எலும்புக்குள் செல்லும் டைட்டானியத் தண்டோ வேண்டுமென்றே சொரசொரப்பாக்கப்படுகிறது. டைட்டானியத்துடன் எலும்பு இறுகப் பிணைவதை சுவீடனின் பெர்-இங்வார் பிரோனேமார்க் 1950களில் முயல்களில் கண்டார். இன்று அத்தண்டின்மீது நுண்துளைப் பூச்சு இடப்படுகிறது. துளைகள் பெரும்பாலும் 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர் அளவுடையவை. புது எலும்பு அவற்றுள் வளர்ந்து உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது.

இந்தப் பிடிப்பு உறுதிப்படப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் தண்டு சுமார் 0.15 மில்லிமீட்டருக்கு மேல் திரும்பத் திரும்ப அசைந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளரக்கூடும், மூட்டு தளர்ந்துவிடும். வலி அடங்குவது வேறு. எலும்பு பிடிப்பது வேறு.

ஆகவே, காலில் எவ்வளவு எடை ஊன்றலாம், எப்போது ஊன்றுகோலை விடலாம் என்பதை உங்கள் மருத்துவரே சொல்லட்டும். சிமெண்ட் இட்ட மூட்டுக்கும் இடாத மூட்டுக்கும் அறிவுரை வேறுபடலாம். பக்கத்து வீட்டாரைப் பார்த்து நடக்க வேண்டாம். புகைபிடித்தலை நிறுத்துங்கள்; சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, தொடையில் புதிய வலி தோன்றினால் உடனே வாருங்கள்.

உடனிருந்து பார்த்துக்கொள்வோரே, "இன்னும் சில நாள் பொறுங்கள்" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும், அந்த நுண்துளைகளுக்குள் எலும்பு வளர நேரம் கொடுக்கிறீர்கள்.