முதுமையும் முன்னோக்கு நினைவும்: ஒரு விளக்கம்

முன்னுரை

பழைய மாணவர் ஒருவரின் பெயரை நினைவுகூர இயலாமையையும், மாலையில் உட்கொள்ள வேண்டிய மாத்திரையை உட்கொள்ளாமல் விட்டுவிடுவதையும் தமிழில் மறதி என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறோம். உளவியலார் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பர். கற்றவற்றையும் நிகழ்ந்தவற்றையும் மீட்டுக் கொணர்வது பின்னோக்கு நினைவு. செய்வதாக எண்ணிய செயலை உரிய வேளையில் நினைந்து செய்வது முன்னோக்கு நினைவு. முதுமை பின்னதை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்வும் நேரமும்

தேர்வுக்கூடத்தில் வினாத்தாளே மாணவரை நினைக்கத் தூண்டுகிறது. மாத்திரை வேளையிலோ நாமே நினைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. இவ்வாறு தாமே தொடங்க வேண்டிய மனச்செயல்களே முதுமையில் மிகுதியும் தளர்கின்றன என்றும், சூழல் தரும் துணை அத்தளர்ச்சியை ஈடுசெய்யும் என்றும் பெர்கஸ் கிரெய்க் 1986ஆம் ஆண்டில் கருத்துரைத்தார். இதன்படி நோக்கின், முன்னோக்கு நினைவில் முதியோர் பெரிதும் பின்தங்குதல் வேண்டும்.

ஆயினும், கில்லெஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. சொற்களை மனத்தில் இருத்தும் பணிக்கிடையே, குறித்த ஒரு சொல் தோன்றும்போது விசையொன்றை அழுத்துமாறு பணிக்கப்பட்ட முதியோர் இளையோரினும் குறைந்தாரல்லர். இவ்விருவரும் பிறருடன் இணைந்து 1995இல் வெளியிட்ட ஆய்வு இம்முரணைத் தெளிவாக்கியது. குறித்த நேரம் கழிந்தபின் அழுத்துக என்றபோது முதியோர் பின்தங்கினர். சொல் தானே கண்முன் தோன்றி நினைவூட்டுகிறது; கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதையோ நாமே நினைத்தாக வேண்டும்.

ஆய்வகமும் அன்றாட வாழ்வும்

2004இல் ஜூலி ஹென்றியும் பிறரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். நிகழ்வைக் கூர்ந்து கவனித்துக் காத்திருக்க வேண்டிய இடங்களில், நிகழ்வுசார் பணிகளிலும் முதியோர் தளர்வது புலனாயிற்று. எனினும், ஆய்வகத்திற்கு வெளியே, தம் அன்றாட வாழ்வினூடே செய்யும் பணிகளில் முதியோரே இளையோரை விஞ்சினர். பீட்டர் ரெண்டல், டொனால்டு தாம்சன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்விலும் இதே நிலை காணப்படுகிறது. ஒழுங்குபட்ட வாழ்க்கைமுறை, நாட்குறிப்பு, ஏற்ற வாக்கைக் காக்கும் முனைப்பு முதலியன இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆதலின், முதியோர் யாவற்றையும் மறப்பர் என்னும் பொதுக்கூற்று ஏற்புடையதன்று.

எனினும் கவனத்திற்குரிய இடங்கள் இரண்டு உள. முதலாவது, இடைப்பட்ட சிறு தாமதம். சமையலறைக்குச் சென்றதும் மாத்திரை உண்பேன் என எண்ணியவரைத் தொலைபேசி இடைமறித்தால், சில விநாடிகளிலேயே அவ்வெண்ணம் நழுவிவிடலாம். 2000ஆம் ஆண்டு ஆய்வொன்று, இத்தகைய குறுகிய தாமதமும் முதியோரைப் பாதிப்பதைக் காட்டியது. இரண்டாவது, அன்றாடப் பழக்கம். ‘உண்டேனா, உண்ண எண்ணினேனா’ என்னும் ஐயம் எழும்போது மருந்தை மீண்டும் உட்கொள்ள நேரிடலாம். நீரிழிவு, குருதியழுத்த மருந்துகளில் இது மறதியினும் கேடு பயப்பதாகும்.

முடிவுரை

‘மறவாதீர்கள்’ என்று மட்டும் கூறுவது பெரும்பயன் தராது. அதையும் அவர்களே நினைவில் இருத்த வேண்டியுள்ளது. நேரத்தை நிகழ்வாக மாற்றித் தருவதே தக்க வழி எனலாம். ‘இரவில் உண்பேன்’ என்பதற்கு மாறாக, ‘இரவு உணவுத் தட்டைக் கழுவி வைத்ததும் உண்பேன்’ என இடமும் செயலும் சுட்டி உறுதி கொள்ளுதல் வேண்டும். 2001இல் அலிசன் சாஸ்டீனும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு உறுதி கொண்ட முதியோர் எண்ணிய செயலை இரு மடங்கிற்கும் மேலாக நிறைவேற்றினர். கிழமை குறித்த மாத்திரைப் பெட்டியோ இரட்டிப்பு உட்கொள்ளலைத் தடுக்கும். காலியான அறையே சான்றாகும். எண்ணம் தோன்றியவுடன் செய்துவிடுதலும் நன்று.

நெடுநாள் பழகிய செயல்களே அடிக்கடி தவறுமாயின், அதனை இயல்பான முதுமை எனக் கருதி விடாது மருத்துவரை நாடுதல் வேண்டும். ஏனைய மறதிகளுக்கு நம் வீட்டுப் பெரியோரைக் கடிந்துகொள்வதைவிட, அவர்தம் சூழலில் ஒரு குறிப்பை அமைத்துத் தருவதே நம் கடமையாகும்.