புயலின் கண்ணுக்குள் ஒரு மணி நேரம்

1772 ஆகஸ்ட் 31. கரீபியன் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவு. பொழுது சாயும் நேரத்தில் வடக்கிலிருந்து காற்று சீறத் தொடங்கியது. இரவு பத்து மணி வரை வீடுகளை உடைத்துப் போட்டது. பிறகு சட்டென்று அடங்கிவிட்டது! புயல் போய்விட்டதா? இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத் தென்மேற்கிலிருந்து இன்னும் மூர்க்கமாகத் திரும்பி வந்து, பின்னிரவு மூன்று மணி வரை ஆடித் தீர்த்தது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? தாயை இழந்து, அந்தத் தீவின் வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்த ஒரு பையன் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. பெயர் அலெக்சாண்டர் ஹாமில்டன்.

காற்று ஏன் திசை மாறியது? ஒரு காகிதத்தில் வட்டம் போடுங்கள். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் புயலின் கண். அங்கே காற்று அமைதியாக இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல்காற்று கண்ணைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். வட்டத்தின் மேல் அப்படியே அம்புக்குறிகள் போடுங்கள். மேல்பக்கம் வடக்கு.

இப்போது உங்கள் விரல்தான் தீவு. அதை வட்டத்தின் இடது விளிம்பில் வையுங்கள். அங்கே அம்பு மேலிருந்து கீழே வருகிறது, அதாவது வடக்குக் காற்று! விரலை அசைக்காமல் காகிதத்தை மட்டும் இடப்பக்கமாக இழுங்கள். விரலடியில் கண் வரும். அதுதான் அந்த ஒரு மணி நேர அமைதி. பிறகு வலது விளிம்பு வரும். அங்கே தெற்குக் காற்று. காகிதத்தைக் கொஞ்சம் மேலேற்றி இழுத்தால் அதுவே தென்மேற்குக் காற்றாகிவிடும். ஹாமில்டன் எழுதியதும் இதுதான்!

மழைநீர் உப்புக் கரித்ததையும் அவன் குறித்திருக்கிறான். அலைகளின் உச்சியைக் காற்று பிய்த்து, நீர்த்துளிகளாக நிலத்துக்குள் வாரியிறைக்கும். அந்த உப்பு அது. அப்படிப்பட்ட இரவிலும் இதைக் கவனித்தானே, அதனாலேயே எனக்கு இந்தப் பையனை ரொம்பப் பிடிக்கும். காற்று திசை மாறியதையும் அவன் அப்படியே எழுதிவைத்தான். ஆனால், புயல் ஒரு பெரிய சுழல் என்று வில்லியம் ரெட்ஃபீல்ட் என்பவர் கட்டுரை வெளியிட்டதே 1831இல்தான். ஒரு புயலுக்குப் பின் ஓரிடத்து மரங்கள் ஒரு திசையிலும், வேறிடத்து மரங்கள் நேர் எதிர்த்திசையிலும் விழுந்து கிடந்ததைப் பார்த்து அவர் யோசித்திருந்தார்.

ஹாமில்டனின் கடிதம் அக்டோபர் 3 அன்று தீவின் செய்தித்தாளில் வந்தது. படித்தவர்கள் அசந்துபோனார்கள். பணம் திரட்டி, அவனைப் படிக்க அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே அவர் போர்வீரரானார், பிறகு நியூயார்க்கில் வழக்கறிஞரானார், 1787இல் அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்திட்டார். 1789இல் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சரும் அவர்தான். வரியும் கடனும் மட்டுமல்ல, கடலோரக் கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் வேலையும் அவருடைய துறைக்கே வந்தது.