நிலவறிந்து விண்மீன் காண்போம்

நகரத்தில் வளரும் எங்கள் பிள்ளைகள் விண்மீன் நிறைந்த வானத்தைக் கண்டதில்லை. ஆகவே ஒரு விடுமுறையில் அவர்களை உறவினர் ஊருக்கு அழைத்துச் சென்றோம். வெளிச்சமிருந்தால் நடமாட வசதியாயிருக்கும் என்று கருதி, நாங்கள் தேர்ந்த நாளோ பௌர்ணமி! வயலெங்கும் நிலவு காய்ந்தது. வானில் விரல்விட்டு எண்ணத்தக்க மீன்களே தெரிந்தன. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு இளைய மகள் உறங்கப் போய்விட்டாள். பிள்ளையின் ஆவலை அவித்தது வானமன்று. நாள் பாராத எங்கள் கவனக்குறைவே.

நிலவின் ஒழுங்கை அறிந்தால் இத்தவறு நேராது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே ஏறத்தாழ 29½ நாள்கள் உள்ளன. முழுநிலா கதிரவன் மறையும் வேளையில் எழுந்து இரவு முழுதும் ஒளிவீசும். பின்னர் நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்தே எழும். ஆதலால் பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாள் முதல், அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறை வரை, முன்னிரவு நமக்கு இருளாய்க் கிடைக்கும். நிலவையே காண விரும்புவோர்க்கு வளர்பிறை ஏழாம், எட்டாம் நாள்கள் ஏற்றவை. ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் நிழல்கள் நீண்டு விழுவதால், சிறு தொலைநோக்கியிலும் அதன் பள்ளங்கள் தெளிவாய்த் தோன்றும்.

நம் திருச்சபை நாள்காட்டியிலேயே இதற்கு ஓர் எளிய வழி உண்டு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலாவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. பாப்பரசர் 13-ஆம் கிரகோரியார் 1582-இல் நாள்காட்டியைத் திருத்தியபோது, இக்கணக்கும் செப்பனிடப்பட்டது. எனவேதான் பெரிய வியாழனன்று ஆராதனை முடிந்து திரும்பும் நமக்கு நிலவொளி துணைவருகிறது. புனித வாரம் விண்மீன் காண ஏற்றதன்று. ஆனால் உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமையன்று, பௌர்ணமி கழிந்து ஒரு வாரமேனும் ஆகியிருக்கும். எவ்வாண்டாயினும் அன்றைய முன்னிரவில் நிலவின் இடையூறு இராது.

அந்தச் சனியன்று தெருவிளக்கற்ற திறந்தவெளியில் பாயை விரியுங்கள். கண்கள் இருளுக்குப் பழக அரைமணி நேரம் பொறுங்கள். கைவிளக்கின்மேல் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் மேற்கே சாயும் வேட்டைக்காரன் மண்டலத்தைக் காட்டுங்கள். இரவு பத்து மணியளவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும், தெற்கே தாழ்வாக நிற்கும் தென்சிலுவையையும் காணலாம். மேகம் மறைத்தால் மனந்தளர வேண்டாம். மறுவாரத் தொடக்கத்தில் இன்னும் சில இருள் இரவுகள் உண்டு.

மறு ஆண்டு அத்தகைய சனிக்கிழமையில்தான் மீண்டும் சென்றோம். மகள் மனமின்றியே வந்தாள். தென்சிலுவையின் நான்கு மீன்களையும் தானே கண்டுபிடித்தபின், "போகலாமா?" என்று நாங்கள் கேட்டோம். "இன்னும் கொஞ்ச நேரம், அப்பா" என்றாள்.