மத்ரஸாவில் எய்ட்ஸ் பாடம்: உகாண்டா காட்டிய வழி

பிள்ளைகளிடம் எய்ட்ஸ் நோயைப் பற்றிப் பேசலாமா? பேசினால் நாணம் அகன்றுவிடாதா? முஸ்லிம் பெற்றோர் பலர் உள்ளத்தில் எழும் இவ்வினாவுக்கு, கிழக்கு ஆப்பிரிக்க நாடான உகாண்டாவின் ஆலிம்களும் மருத்துவர்களும் கூடி விடை கண்டனர்.

1980களில் அந்நாட்டை எய்ட்ஸ் கடுமையாகத் தாக்கிற்று. பெற்றோரை இழந்த பிள்ளைகள் பெருகினர். 1988-ஆம் ஆண்டில் உகாண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே அது சமயத் தலைவர்களை ஒன்றுகூட்டியது. எய்ட்ஸுக்கு எதிரான ஜிஹாத் அறிவிக்கப்பட்டது. 1992 முதல் இமாம்கள் பயிற்சி பெற்று, இல்லங்கள் வரை சென்று விளக்கினர். 1995-இல் இப்பாடம் மத்ரஸாச் சிறுவர்களிடமும் சென்றது.

கற்பு நெறியும், நிக்காஹ்வுக்குப் பின் துணைவரிடம் உண்மையாயிருத்தலுமே போதனையின் அடித்தளம். ஆயினும் மருத்துவ உண்மைகளை அவர்கள் மறைக்கவில்லை. கத்னாவின்போது ஒரே கத்தியைப் பல சிறுவர்களுக்குப் பயன்படுத்தலாகாது என்றனர். ஜனாஸாவைக் குளிப்பாட்டுவோர் கையுறை அணிய வேண்டும் என்றனர். ஆணுறை பற்றி இமாம்களிடையே தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. நீண்ட விவாதத்திற்குப் பின், முதலிரு வழிகளையும் பேண இயலாதவர்க்குரிய காப்பாக மட்டும் அதனைப் போதனையில் சேர்த்தனர்.

வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை

இளையோர்க்குப் பாடம் சொல்வோர் மறக்கலாகாத ஒன்று உண்டு. தாயிடமிருந்து கருவிலோ, பிறப்பிலோ, பாலிலோ கிருமி தொற்றிய பிள்ளையும் அவ்வகுப்பில் இருக்கக்கூடும். "இது பாவத்தின் கூலி" என்று ஆசிரியர் முழங்கினால், ஒரு பாவமும் அறியாத அப்பிஞ்சு உள்ளம் என்ன பாடுபடும்!

ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே ஹவுளில் ஒளுச் செய்வதாலோ, தோளோடு தோள் நின்று தொழுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. ஆகவே எப்பிள்ளையையும் ஒதுக்கத் தேவையில்லை. விளையாட்டில் காயம்பட்டால், யாருடைய இரத்தமாயினும் கையுறையுடன் துடைப்பதே முறை. ஒரு பிள்ளையின் நோய் பற்றி ஆசிரியர் அறிய நேர்ந்தால், அது அமானிதம், பிறரிடம் சொல்லலாகாது.

இன்று நாள்தோறும் மாத்திரை உட்கொள்வோர் நீண்ட நாள் வாழ்கின்றனர். மணமுடித்து, கிருமியற்ற குழந்தைகளையும் பெறுகின்றனர். தாய்க்குக் காலத்தே சிகிச்சை அளித்தால், பிள்ளைக்குத் தொற்றுவது பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. ஆனால் அவமானத்துக்கு அஞ்சுபவர் பரிசோதனைக்கே வருவதில்லை. நம் ஏளனமே அவர்களை மருந்திலிருந்து விலக்குகிறது.

பெற்றோரே! நாணம் ஈமானின் அணிகலன். அறியாமை அதன் அணிகலன் அன்று. நாம் சொல்லத் தயங்குவதைத் தெருவும் திரைப்படமும் திரித்துச் சொல்லும். நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லுவோம். நோயுற்றோரை நலம் விசாரிக்கும் கடமையையும் உடன் கற்பிப்போம்.