துளி சூடும் முடி

தட்டில் பரந்துள்ள பாலின்மேல் ஒரு துளி வீழ்ந்தால் பால் தெறிக்கிறது. நாம் காண்பது அவ்வளவே. ஆயினும், அக்கணத்தில் துளி வீழ்ந்த இடத்தைச் சுற்றி மெல்லிய சுவர் ஒன்று எழுகிறது. பரப்பு இழுவிசையால் அதன் விளிம்பு பல முனைகளாகப் பிரிகிறது. முனைகளினின்று சிறு மணிகள் சிதறுகின்றன. மன்னர் சூடும் மணிமுடி போன்ற இவ்வுருவம் நொடியின் சிறு கூறிலே தோன்றி மறைவதால், வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இங்கிலாந்து நாட்டு இயற்பியல் அறிஞர் ஆர்தர் வொர்த்திங்டன் என்பார் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவர் இருளறையில் துளியை வீழ்த்தி, வேண்டிய கணத்தில் மின்பொறி ஒன்றை ஒளிரச் செய்வார். அவ்வொளியிற் கண்ட உருவத்தை நினைவிற் கொண்டு கையால் வரைவார். அப்படங்களுள் பலவற்றில் முடியின் முனைகள் ஒத்த அளவினவாய் அழகுற அமைந்திருந்தன. ஒழுங்கற்ற உருவங்களை அவர் கண்டதும் உண்டு. எனினும், அவற்றைத் தற்செயலானவை என்று ஒதுக்கினார்.

1894ஆம் ஆண்டளவில் துளியை ஒளிப்படம் எடுக்கும் வழி அவருக்குக் கைகூடியது. படங்களோ வேறு செய்தி கூறின. ஒரு முனை நீண்டும் ஒரு முனை குறுகியும் இருந்தன. முழு ஒழுங்குடைய முடியைக் காண்பது அரிதாயிற்று. மனம் விரும்பிய வடிவத்தையே தாம் பெரிதும் நாடியதை வொர்த்திங்டன் உணர்ந்தார். உணர்ந்ததை மறையாது தம் நூலிலும் எழுதினார். பின்னாளில் அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன் மின்னொளியின் துணையால் இக்கலையை வளர்த்தார். அவர் 1957இல் எடுத்த பால்துளி முடியின் வண்ணப்படம் உலகப் புகழ் பெற்றது.

இத்தகைய படத்தை இன்று வீட்டிலேயே எடுக்கலாம். 40 செ.மீ. உயரத்தினின்று வீழும் துளி, பரப்பை அடையும்போது நொடிக்கு ஏறத்தாழ 280 செ.மீ. வேகம் பெறுகிறது. நொடியின் நூற்றில் ஒரு பங்கில் அது 2.8 செ.மீ. நகர்ந்துவிடும், பத்தாயிரத்தில் ஒரு பங்கிலோ 0.28 மி.மீ. மட்டுமே நகரும். ஃபிளாஷ் என்னும் மின்னொளி விளக்கைக் குறைந்த ஆற்றலில் அமைத்தால், அது அத்துணைக் குறுகிய நேரமே ஒளிரும். ஆகவே, அசைவை நிறுத்துவது கருவியின் விரைவன்று, ஒளியின் குறுமையே.

தட்டில் பாலை மெல்லிய படலமாக ஊற்றுக. துளி வீழும் இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி, அதன் முனை தெளிவாகத் தெரியுமாறு ஒளிப்படக் கருவியை அமைத்தபின் பென்சிலை எடுத்துவிடுக. அறையை இருளாக்கி, கருவியின் ஷட்டரை இரண்டு நொடி திறந்து வைத்து, துளி வீழும் கணத்தில் விளக்கை ஒளிரச் செய்க. விளக்கும் கருவியும் நனையாவண்ணம் தள்ளியே இருத்தல் வேண்டும். ஆழமான பாத்திரத்து நீரில் துளியை வீழ்த்தினால், முதலில் குழியும், பின்னர் அதன் நடுவே எழும் நீர்த்தூணும் படத்திற் காணலாம்.

பல படங்கள் தவறும். சில படங்களில் முடி கோணலாய் இருக்கும். கோணலானவற்றை எறிந்துவிட்டு, அழகியது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுதல் ஆராய்ச்சி ஆகாது. துளியின் இயல்பை உரைப்பவை அவ்வெல்லாப் படங்களுமே. விரும்பியதைக் காண்பது எளிது. உள்ளதைக் காண்பதே அறிவியல்.