ஈ.சீ.ஜீ. நல்லதென்றால் இதயமும் நல்லதா?

எமது வியாபாரிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். எந்தச் சாமான் எத்தனை நாளாக இறாக்கையில் கிடக்கிறது, யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால், வைத்தியரின் அறையிலிருந்து பைல் கட்டோடு வெளியே வருபவரிடம் "டொக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டால், "ஹார்ட்டில் ஏதோ பிரச்சினையாம்" என்பதோடு பதில் முடிந்துவிடும். காசு கொடுத்து எடுத்த அறிக்கையில் என்ன இருக்கிறதென்று கேட்காமல் வருவது எந்த வியாபாரத்தில் சேர்த்தி?

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். 'இதய வருத்தம்' என்பது ஒரே நோயின் பெயரல்ல. இதயத்துக்கே குருதியைக் கொண்டு செல்லும் நாடிகளில் கொழுப்புப் படிந்து பாதை ஒடுங்குவது ஒரு வகை. நடக்கும்போதும் படி ஏறும்போதும் நெஞ்சு இறுகி, ஓய்வெடுத்தால் குறைவது இதனால்தான். அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து பாதையை அடைத்தால் அதுவே மாரடைப்பு. இதயத் தசை பலவீனமடைவது இன்னொரு வகை. 'ஹார்ட் பெயிலியர்' என்றதும் இதயம் நின்றுவிட்டதாகப் பயப்பட வேண்டியதில்லை. குருதியை வெளியேற்றும் வலு குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் அதன் அடையாளங்கள். இவை தவிர, துடிப்பின் ஒழுங்கு கெடுவதும் உண்டு. வால்வுகள் பழுதடைவதும் உண்டு.

நோய் வேறு வேறாக இருப்பதால் பரிசோதனைகளும் வேறு வேறு. ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஈ.சீ.ஜீ. என்பது சுமார் 10 செக்கன் நேரத்து மின் பதிவு. நாடியில் ஒடுக்கம் உள்ள ஒருவர் ஓய்வாகப் படுத்திருக்கையில் எடுத்தால் அது நல்லதாகவே வரக்கூடும். ஆகவே, "போன மாதம் ஈ.சீ.ஜீ. எடுத்தேன், ஒன்றுமில்லை" என்பது இன்றைய நெஞ்சு நோவுக்குப் பதிலாகாது. நடக்கவைத்து எடுக்கும் பரிசோதனை, உழைக்கும்போது இதயத்துக்குக் குருதி போதுமானதா என்று பார்க்கிறது. துரோப்போனின் என்ற இரத்தப் பரிசோதனை இதயத் தசை சேதமடைந்துள்ளதா என்பதைக் காட்டும். அதன் அளவு உயரச் சிறிது நேரம் எடுப்பதால், சில மணித்தியாலங்களின் பின் மீண்டும் எடுப்பார்கள். அது காசு பிடுங்கும் வேலையல்ல.

எக்கோ பரிசோதனை வால்வுகளையும் தசையின் வலுவையும் காட்டும். அதில் 'ஈ.எப். 60 வீதம்' என்று இருந்தால், 40 வீதம் நட்டம் என்று எமது வியாபாரக் கணக்கைப் போட்டுவிடக் கூடாது. எந்த இதயமும் தன்னிடமுள்ள குருதி முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியேற்றுவதில்லை. சுமார் 55 முதல் 70 வீதம் வரை சாதாரண நிலை. அஞ்சியோகிராம் என்பது கை மணிக்கட்டு அல்லது தொடை வழியாகக் குழாய் செலுத்தி, சாயமிட்டு, நாடியில் எந்த இடத்தில் எவ்வளவு ஒடுக்கம் என்று பார்ப்பது. அந்தச் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். மாரடைப்பு வேளையில் அடைப்பை விரைவாக நீக்குவது உயிரைக் காக்கும். அங்கே பேரம் பேச நேரமில்லை. ஆனால், நீண்ட நாளாக ஒரே அளவில் இருக்கும் நெஞ்சு இறுக்கம் வேறு விடயம். 37 நாடுகளில் 5,179 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு இத்தகையோரைப் பற்றியது. நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸும் செய்தவர்களுக்கு நெஞ்சு நோவு கூடுதலாகக் குறைந்தது. எனினும், மரணமோ மாரடைப்போ குறைந்ததாக அது காட்டவில்லை. இடது பிரதான நாடியில் பெரிய ஒடுக்கம் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எனவே, "இது இன்றே செய்ய வேண்டியதா, யோசிக்க அவகாசம் உண்டா?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, நோயாளியின் உரிமை.

ஸ்டென்ட் வைத்தால் நோய் தீர்ந்தது என்பதும் தவறு. அது ஓரிடத்து ஒடுக்கத்தைத்தான் விரிக்கிறது. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், புகைத்தல் ஆகியன தொடர்ந்தால் வேறோர் இடம் அடைபடும். ஸ்டென்ட் வைத்தபின் தரும் குருதி உறைவுத் தடுப்பு மாத்திரைகளை, சுகமாகிவிட்டதென்றோ பல் பிடுங்குவதற்கென்றோ தாமாக நிறுத்துவது மிக ஆபத்தானது. ஸ்டென்டினுள்ளேயே குருதி உறைந்துவிடலாம். மாத்திரை வேளைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற விரும்புவோர், நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய நட்டம் தாமதத்தால் வருவதுதான். நெஞ்சு நோவு வந்தால் 'வாய்வு' என்று சொல்லி, இஞ்சி பிளேன்டீ குடித்து, கடை பூட்டும்வரை காத்திருப்பவர்கள் எமக்குள் பலர். நெஞ்சை அழுத்தும் நோவு, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன வந்து சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 1990 இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாகவே வரும். தாமே வாகனம் ஓட்டிச் செல்லக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் கடும் நோவு இல்லாமல் களைப்பு, மூச்சு வாங்கல், குமட்டல் என்றும் வரலாம் என்பதை வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஓர் ஆலோசனை. எல்லா அறிக்கைகளையும் திகதி வரிசையில் ஒரே பைலில் வையுங்கள். மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எனக்குள்ள நோயின் பெயர் என்ன? இந்தப் பரிசோதனை எதை அறிவதற்கு? இந்த மாத்திரையை எத்தனை காலம் எடுக்க வேண்டும்? பதில் விளங்காவிட்டால் வெட்கப்படாமல் இன்னொரு முறை கேளுங்கள்.