‘டோட்டோரோ’ முதல் ‘அகிரா’ வரை... யார் இந்த எடிட்டர் தகேஷி செயாமா?

1988 ஏப்ரல் 16. ஜப்பான் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்கள். மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’, தகாஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. முன்னது சிரிக்க வைக்கும், பின்னது அழ வைத்துவிடும். அடுத்த மூன்றே மாதத்தில் ஓட்டோமோவின் ‘அகிரா’. மூன்றுக்கும் எடிட்டர் ஒருத்தர்தான்: தகேஷி செயாமா.

சரி, வரைந்த படத்தில் எடிட்டருக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. நடிகர்களை வைத்து எடுக்கும் படம் என்றால் பத்து டேக்கில் நல்லதைப் பொறுக்கலாம். அனிமேவில் அதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை வினாடி என்பதை ஸ்டோரிபோர்டிலேயே குறித்துவிடுவார்கள். கூடுதலாக வரைந்தால் உழைப்பும் காசும் வீண்.

ஆக, எடிட்டர் கைக்கு மிஞ்சுவது சில ஃபிரேம்கள்தான். வினாடிக்கு 24 ஃபிரேம். முகம் திரும்பியதும் வெட்டுவதா, இன்னும் 6 ஃபிரேம் நிற்க விடுவதா? கால் வினாடி சமாச்சாரம்தான். ஆனால், தங்கையை முதுகில் சுமந்தபடி சாட்சுகி மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அமைதியும், ‘அகிரா’ பைக் துரத்தலின் படபடப்பும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

ஆஸ்கர் வென்ற ‘ஸ்பிரிட்டட் அவே’, சதோஷி கோனின் ‘பாப்ரிகா’, 2013-ல் வந்த ‘தி விண்ட் ரைசஸ்’ ஆகியவற்றின் எடிட்டிங்கும் இவரே.